மான்கள் ஏறிட்டுப் பார்க்கும் கூடாரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நானாக எழுத உட்காரவில்லை. எழுதச் சொன்னவர் மார்லிஸ். அவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. அதனால்தான் தமிழில் எழுதச் சொன்னார்.

"எனக்குப் புரியற பாஷையில எழுதினா நீ சக்கரை தடவி எழுதுவே. உன் பாஷையில எழுது. ஞாயித்துக்கிழமை சாப்பிட வரும்போது வாயால சொல்லு, போதும்."

எழுதுகிறவர்களுக்கு இப்படியொரு வாசகி வாய்க்கக் கூடாது. படிக்கவும் மாட்டார், விடவும் மாட்டார்.

நாங்கள் இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தின் வடக்குக் கோடி. நான் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மார்லிஸ் அதே பள்ளியின் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் வந்த புதிதில், இந்தப் பெண் மாட்டிறைச்சி தொடமாட்டாள் என்று தெரிந்ததும், ஒரு வார்த்தை கேட்காமல் எனக்கென்று தனித் தட்டு எடுத்து வைத்தார். அந்தத் தட்டு இன்னும் தொடர்கிறது. ஞாயிறு மதியம் எனக்கு அவர் வீட்டில்தான் சாப்பாடு.

(அவர் பேசுவது ஆங்கிலம். அதில் நீ, நீங்க என்ற வித்தியாசம் கிடையாது. ஆனால் என்னைவிட மூத்தவர், எனக்குச் சோறு போட்டவர். ஆகவே இந்தக் கதையில் அவர் என்னை 'நீ' என்பார், நான் அவரை 'நீங்க' என்பேன். அவர் பேச்சு என் காதில் எப்போதும் அப்படித்தான் விழுந்திருக்கிறது.)

அவருடைய கணவர் ரோலி. போன நவம்பரில், துப்பாக்கி வேட்டை தொடங்கிய வாரத்தில், தன் நிலத்தின் எல்லையில் செடார் மரச் சதுப்பைப் பார்த்தபடி, மானுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்க நடும் பதுங்குகூடாரத்துக்குள் நாற்காலியில் உட்கார்ந்தவாறே இறந்துபோனார். இருதயம். மதியச் சாப்பாட்டுக்கு ஆளைக் காணோமே என்று தேடிப் போனது மார்லிஸ்தான். அன்று காலையில் புதுப்பனி விழுந்திருந்தது. அந்தப் பனியில் கூடாரத்தைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மான் குளம்புத் தடம். துணியை மோந்து பார்க்கும் அளவுக்குப் பக்கத்தில் வந்து, ஒரு பயமும் இல்லாமல் மேய்ந்துவிட்டுப் போயிருக்கின்றன. உள்ளே மடியில் துப்பாக்கியோடு ரோலி.

ஆம்புலன்ஸ்காரர்களால் விறைத்த உடம்பை அந்தச் சின்ன வாசல் வழியாக எடுக்க முடியவில்லை. கூடாரத் துணியைக் கத்தியால் கிழித்துத்தான் எடுத்தார்கள்.

ஆகவே புதுக் கூடாரம் வேண்டியிருந்தது. கதை இங்கேதான் பிறந்தது.

2

ஆரம்பத்தை எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். குப்பைக்கூடையில் போட்டவற்றில் சில:

காட்டின் விளிம்பில் கன்னங்கரேலென்று ஒரு ஜன்னல் யாருக்காகவோ— (பேய்ப்பட போஸ்டர் மாதிரி இருக்கிறது.)

வேட்டைக் காலம் முடிந்தபின் ஒரு பெண்மணி வேட்டைச் சாமான் கடைக்குள் நுழைந்தாள், அவளுக்கு வேட்டையில்— (ஆரம்பத்திலேயே குட்டை உடைத்தாகிவிட்டது. அப்புறம் வாசகர் எதற்கு?)

மரணம் என்பது ஒருவகையில்— (சீ.)

கடைக்குப் போனதை அப்படியே சொல்லிவிடுகிறேன். கடை ஆர்டன் என்பவருடையது. பல்லிடுக்கில் எப்போதும் ஒரு குச்சி. ரோலியோடு ஒன்றாகப் படித்தவர். ஜனவரியில் பதுங்குகூடாரம் கேட்டு யாராவது வந்தால் தள்ளுபடி விலைக்கு வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆர்டனும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு, மிச்சமிருந்ததையெல்லாம் பின்கட்டிலிருந்து கொண்டுவந்து போட்டார். ஒவ்வொன்றும் ஆளுயரப் பைக்குள் மடக்கிக் கிடக்கும். சுவரின் நடுவில் இருக்கும் கயிற்றைப் பிடித்து வெளியே ஓர் இழுப்பு இழுத்தால் அந்தப் பக்கம் டப்பென்று விறைத்து நிற்கும். நாலு பக்கமும் கூரையும் இழுத்தால் அறை தயார். நின்ற இடத்தில் ஒரு வீடு முளைத்துவிடும்.

மார்லிஸ் முதல் கூடாரத்துக்குள் போய் வாசலை மூடிக்கொண்டார். வெளியே வந்து, "ஊசி ஊசியா வெளிச்சம் வருது. இது ஒரு வெயில்காலம் தாங்காது," என்றார். இரண்டாவதன் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார், நம் ஊர் ஜவுளிக்கடையில் கல்யாணப் புடவையைப் பார்க்கிற மாதிரி. தையலை இழுத்துப் பார்த்தார். கம்பிகள் வந்து சேரும் நடுமூட்டு பிளாஸ்டிக்கா இரும்பா என்று தட்டிப் பார்த்தார். குளிரில் பிளாஸ்டிக் மூட்டு முறுக்கு மாதிரி உடைந்துவிடுமாம். ஆர்டனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இப்போதெல்லாம் புதுசாக ஒன்று வருகிறது, உள்ளேயிருந்து பார்த்தால் சுவர் முழுக்கக் கண்ணாடி மாதிரி வெளியே தெரியும், வெளியேயிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது என்று ஒன்றை விரித்துக் காட்டினார். மார்லிஸ் அதைத் தொடக்கூட இல்லை. சுவர் சுவராக இருக்க வேண்டும் என்றார்.

கடைசியில் இருப்பதிலேயே கனமான துணி, இரும்பு மூட்டு, உள்ளே முழுக்கக் கறுப்புப் பூச்சு உள்ள ஒன்றில் வந்து நின்றார். அப்புறம் கேள்விகள். கூரையில் முழங்கால் பனி விழுந்தால் தாங்குமா? வசந்தம் வரைக்கும் நிற்குமா? தரைக்கும் துணி வருமா? ரெண்டு பேர் கால் நீட்டி உட்காரலாமா?

ஆர்டன் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே வந்தவர், மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. துப்பாக்கியை எங்கே சாய்ப்பது, ஜன்னல் எவ்வளவு அகலம் திறக்கும், திறக்கும்போது சத்தம் வருமா என்று ஒரு கேள்விகூட அவர் கேட்கவில்லை. இந்த ஊரில் கூடாரம் வாங்குகிறவன் முதலில் கேட்பதே அதைத்தான்.

மார்லிஸ் பார்த்துக்கொண்டிருந்தது வேட்டைக்கு இல்லை. குடியிருக்க.

"மார்லிஸ், சீசன் முடிஞ்சு போச்சே," என்றார் ஆர்டன், ரொம்ப மெதுவாக.

"தெரியும். கட்டிக் குடு."

3

இங்கே எல்லோரும் கூடாரத்தை இலையுதிர் காலம் தொடங்கும்போதே கொண்டுபோய் நட்டுவிடுவார்கள். வேட்டை வரும்வரை அது சும்மா நிற்கும். மான்கள் முதலில் சந்தேகப்படும், சுற்றிப் போகும், பிறகு பழகிவிடும். ஒரு புதரைப் பார்ப்பது போலப் பார்க்கும். அதற்கப்புறம்தான் ஆள் உள்ளே போவான், உள்ளிருட்டில் தெரியாதபடி கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு. வேட்டை முடிந்ததும், கனத்த பனி விழுவதற்குள் எல்லோரும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்கள்.

மார்லிஸ் எல்லோரும் கழற்றிய பிறகு நட்டார். ரோலி இருந்த அதே இடத்தில். ரோட்டில் போகிற வண்டிகள் அங்கே வந்ததும் வேகத்தைக் குறைத்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகும். யாரும் வாய்திறந்து கேட்கவில்லை. இங்கே கேட்க மாட்டார்கள், அதற்குப் பதில் ஒரு பாத்திரத்தில் காட்டரிசி சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள்.

எதிரே மரத்தில் ரோலியின் கேமரா ஒன்று கட்டியிருந்தது. ஏதாவது அசைந்தால் தானாகவே சின்னச் சின்ன வீடியோ எடுத்து மார்லிஸின் போனுக்கு அனுப்பிவிடும். முதல் வாரம் முயல்கள். அப்புறம் மான்கள் வந்தன.

அடுத்த ஞாயிறு மார்லிஸ் போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பார்த்தேன். ஐந்தாறு பெண் மான்கள், முன்னால் காது கிழிந்த ஒரு கிழட்டு மான். எல்லாமே மேயாமல் நின்று கூடாரத்தின் முன்ஜன்னல் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தன. புதுசு, அதனால் பார்க்கிறது என்றேன்.

"முழுசாப் பாரு," என்றார்.

கிழட்டு மான் மேயப் போவது போலத் தலையைக் குனிந்தது. மூக்கு பனியைத் தொடுவதற்குள் வெடுக்கென்று தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தது. மறுபடி குனிந்தது, மறுபடி வெடுக்.

இதற்கு நான் பொய்க்குனிவு என்று பெயர் வைத்திருக்கிறேன். காட்டில் ஒளிந்திருக்கும் ஆளை அசைய வைப்பதற்காக மான் செய்கிற தந்திரம் அது. நான் பார்க்கவில்லை என்று உன்னை நம்பவைத்து, நீ மூச்சு விடுகிற நேரத்தில் உன்னைப் பிடித்துவிடும். வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் இது அத்துப்படி. புதரைப் பார்த்து மான் இப்படிச் செய்யாது. காலிப் பெட்டியைப் பார்த்துச் செய்யாது. உள்ளே உயிருள்ள ஒன்று இருக்கிறது என்று சந்தேகம் வந்தால்தான் செய்யும்.

"கூடாரம் காலிதானே?" என்றேன்.

"நாற்காலி மட்டும் போட்டிருக்கேன்," என்றார் மார்லிஸ். இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கை என் தட்டில் வைத்தார்.

3 (மறுபடியும்)

இந்தப் பகுதியை இரண்டாவது தடவையாக எழுதுகிறேன், ஏனென்றால் முதல் தடவை ஒன்றை விட்டுவிட்டேன்.

கதையில் நாற்காலி மொட்டையாக இருந்தது. படிக்கிறவருக்கு ரோலி கண்ணில் தெரிய வேண்டுமே என்று, 'மார்லிஸ் ரோலியின் ஆரஞ்சு வேட்டைத் தொப்பியை நாற்காலியின் முதுகில் மாட்டினார்' என்று சும்மா ஒரு வரி சேர்த்தேன். நடக்காத விஷயம். முழுக்க என் கற்பனை. ஞாயிற்றுக்கிழமை கதையைச் சொல்லும்போது அந்த வரியையும் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு நான் ஷூவைக் கழற்றக்கூட இல்லை. "தொப்பியை மாட்டிட்டேன்," என்றார்.

"எதுக்கு?"

"நீதானே எழுதினே."

அன்றிலிருந்து இந்தக் கதையை எழுதுவது எனக்கு விளையாட்டாக இல்லை. நான் எழுதுகிறேன், அவர் செய்கிறார். வகுப்பில் கரும்பலகையில் தப்பாக ஒரு எண்ணைப் போட்டால் முப்பது பிள்ளைகளும் அதை அப்படியே எழுதிக்கொள்வார்களே, அந்தப் பயம். கையைத் தூக்கித் தப்பு டீச்சர் என்று சொல்ல இங்கே ஒருத்தர்கூட இல்லை.

4

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும், எனக்கும் வந்தது. மார்லிஸ் என்கிற பாத்திரம் நம்பும்படி இருக்கிறாரா? வாழ்நாள் முழுக்கச் சூடான எண்ணெய்க்கும் அலறும் பிள்ளைகளுக்கும் நடுவில் நின்றவர், சர்ச்சில் பாதிரியார் நீட்டி முழக்கினால் கடிகாரத்தைப் பார்க்கிறவர், இப்படி ஒரு துணிக்கூடாரத்தை நம்புவாரா? நல்ல எடிட்டராக இருந்தால் ஓரத்தில் கேள்விக்குறி போடுவார். நானும் போட்டேன். அவருக்குக் கொஞ்சம் கிறுக்குத்தனம் சேர்க்கலாமா, தூக்கத்தில் நடப்பவராக ஆக்கலாமா என்றெல்லாம் யோசித்தேன். ஆனால் உண்மை என்னவென்றால் அவர் தெளிவாக இருக்கிறார். என்னைவிடத் தெளிவாக. எனக்கு அதுதான் கவலை.

அவர் மகள் ட்ரீனா கிரீன் பே நகரத்தில் நர்ஸ். வாரத்துக்கு இரண்டு தடவையாவது எனக்குப் போன் செய்து, அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்று கேட்பாள். கூடாரத்தைப் பற்றிச் சொன்னேன். "கழட்டிப் போடுங்க ஆன்ட்டி, ப்ளீஸ்," என்றாள்.

(ஆன்ட்டி என்று அவள் சொல்லவில்லை. பெயரைச் சொன்னாள். ஆனால் அழுகிற குரலில் சொன்னாள், அதனால்.)

கழற்றத்தான் போனேன். ஒரு நாள் பள்ளி விட்டதும், மார்லிஸ் மளிகைக்குப் போயிருந்த நேரம் பார்த்து. முளைகள் தரையோடு உறைந்துகிடந்தன. சுத்தியலால் அடித்தேன், உதைத்தேன், ஒன்றுகூட அசையவில்லை. கூரை மேல் அத்தனை பனி, கம்பி வளையவே இல்லை. ஆர்டன் நல்ல சரக்குத்தான் கொடுத்திருக்கிறார், பாவி மனுஷன். குனிந்து முளையைத் தட்டிக்கொண்டிருந்தபோது முதுகில் ஒரு கூச்சம். திரும்பவில்லை. சுத்தியலை அங்கேயே போட்டுவிட்டுக் காருக்கு வந்துவிட்டேன்.

அந்த ஞாயிறு மார்லிஸ் சுற்றி வளைக்காமல் கேட்டார். இந்தப் பேச்சை மட்டும் ஒரு எழுத்து மாற்றாமல் தருகிறேன்.

"கதையில கூடாரத்துக்குள்ள ரோலி இருக்கானா இல்லையா?"

"இன்னும் எழுதலை."

"எழுது. இருக்கான்னா நான் போறேன்."

"போய்?"

"போய் உக்காந்துக்குவேன். நாப்பது வருஷம் அவன் காட்டுக்குப் போனான், நான் சமையலறையில காத்திருந்தேன். ஒரு தடவை நான் அங்க போய் இருக்கேனே."

"எப்ப வருவீங்க?"

அவர் சிந்தியிருந்த ரொட்டித் தூளை மேசையிலிருந்து கையால் கூட்டி எடுத்தார். வெளியே தண்ணீரை வீசினால் தரையில் விழுவதற்குள் உறையும் குளிர். ஒரு ராத்திரி போதும். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

5

ஆக, முடிவு. கையில் மூன்று இருக்கிறது.

(அ) கூடாரம் காலி. மான்கள் புதுத் துணியின் வாசனைக்கு மிரண்டன, அவ்வளவுதான். மார்லிஸ் அழுது ஓய்ந்து மகள் வீட்டுக்குப் போகிறார். யாருக்கும் சேதாரம் இல்லை. இதைத்தான் எழுத வேண்டும். ஆனால் 'கூடாரத்துக்குள் யாரும் இல்லை' என்று எழுதிய ஒவ்வொரு தடவையும் அந்த வரி என்னைப் பார்த்து முறைக்கிறது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். கூடாரத்துக்குள் யாரும். கூடாரத்துக்குள். மூன்று வார்த்தை எழுதத் துப்பில்லையா எனக்கு?

(ஆ) ரோலி இருக்கிறார். நாற்காலியில், தொப்பியோடு. மார்லிஸ் ஜிப்பைக் கீழே இழுத்து உள்ளே போகிறார், உள்ளே கதகதப்பாக இருக்கிறது. அழகாக எழுதலாம். பத்திரிகையில் போட்டால் நாலு பேர் கண்ணீர் விட்டுக் கடிதம் எழுதுவார்கள். ஆனால் மார்லிஸ் அன்றைக்கே கிளம்பிவிடுவார். ஓர் அழகான பத்திக்காக ஒரு மனுஷியைக் கொல்லச் சொல்கிறீர்களா?

(இ) இது ராத்திரி பாத்திரம் கழுவும்போது தோன்றியது. தோன்றியிருக்க வேண்டாம். நவம்பரில் ரோலி உள்ளே இறந்துகிடந்தபோது மான்கள் துணிவரைக்கும் வந்து மேய்ந்திருக்கின்றன. அவரிடம் அவற்றுக்குப் பயமே இல்லை. இப்போது தள்ளி நின்று முறைக்கின்றன, பொய்க்குனிவு போடுகின்றன. பழகின ஆளிடம் அதைச் செய்யாது. அப்படியானால் உள்ளே இருப்பது ரோலி இல்லை. ரோலியின் நாற்காலியில், ரோலியின் தொப்பிக்குக் கீழே, வேறு ஏதோ

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை. குழாயை மூடிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.)

(அ)வையும் (ஆ)வையும் மார்லிஸிடம் சொன்னேன். (இ)யைச் சொல்லவில்லை. இரண்டையும் கேட்டுவிட்டு, ரெண்டும் உன் தலையில் இருந்து வந்தது, எனக்கு அது வேண்டாம் என்றார். நீ போய் உள்ளே உட்கார்ந்து பார். மான் வரட்டும். நாற்காலிப் பக்கம் பார்க்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு வந்து முடிவைச் சொல். அதுவரை நான் போக மாட்டேன், சத்தியம் என்றார்.

அவர் சத்தியம் தவறமாட்டார். ஆகவே போனேன்.

6

நேற்று சனிக்கிழமை. பகல் மூன்று மணிக்கெல்லாம் இங்கே வெயில் மஞ்சளாகச் சாய்ந்துவிடும். கறுப்புக் கோட்டு, கறுப்புக் குல்லாய். மார்லிஸ் ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியைக் கையில் திணித்தார். உள்ளே வெள்ளை மாவு. அமுக்கினால் புகை மாதிரி வரும், காற்று எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும். மனிதவாடை மானுக்குப் போகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேட்டைக்காரர்கள் வைத்துக்கொள்வது.

ஜிப்பைத் திறந்து உள்ளே போனேன். புது மழைக்கோட்டு வாசனை. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆனது. முன்பக்கம் இரண்டு ஜன்னல். வலது ஜன்னலுக்கு நேராக நாற்காலி, முதுகில் தொப்பி. நாற்காலியில் உட்கார எனக்குத் தைரியமில்லை. இடது ஜன்னலுக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். முதுகைப் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டேன். நாற்காலியை ஓரக்கண்ணில் வைத்துக்கொண்டேன். எனக்கு நானே பதினேழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டேன்.

மான்கள் வந்தன. சத்தமே இல்லை, ஒரு தடவை பார்த்தபோது மரங்கள், அடுத்த தடவை மான்கள். கிழிந்த காதுக்காரி முன்னால் வந்து நின்றாள். நான் இருந்த ஜன்னல் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நேராக நாற்காலியின் ஜன்னலைப் பார்த்தாள். குனிந்தாள், வெடுக்கென்று நிமிர்ந்தாள். குனிந்தாள், நிமிர்ந்தாள். அப்புறம் முன்காலைத் தூக்கி உறைந்த தரையில் ஓங்கி ஒரு தட்டு. அது என் உள்ளங்காலில் தெரிந்தது.

நான் கணக்கு டீச்சர். காரணம் தேடினேன். என் வாடைதான் காற்றில் அந்த ஜன்னல் வழியாகப் போகிறது, அதனால் அங்கே பார்க்கிறாள், சரிதானே? குப்பியை எடுத்து மெல்ல அமுக்கினேன்.

மாவு நேராக மேலே எழும்பி நின்றது. காற்றே இல்லை. பிறகு மெல்ல நகர்ந்தது, நாற்காலியின் பக்கம். தொப்பிக்குக் கொஞ்சம் கீழே போய் நின்றது. திரும்பி என் பக்கம் வந்தது. மறுபடி அங்கே போனது. போவதும் வருவதுமாக, ஆற அமர.

என் மூச்சுத்தான் என்று நினைத்தேன். மூச்சை அடக்கினேன்.

மாவு நிற்கவில்லை.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. மான்கள் எப்போது போயின என்றும் தெரியாது. ஜிப்பைத் திறந்தது நினைவில்லை, காருக்கு ஓடியது நினைவிருக்கிறது. பள்ளிக்கூடம் படிக்கிற காலத்தில்கூட நான் அப்படி ஓடியதில்லை.

[இந்தப் பகுதியைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று யோசித்தேன். மாவை எடுத்துவிட்டால் கதை கௌரவமாக இருக்கும். ஆனால் கதைக்காக இதை நான் சேர்க்கவில்லை. தொப்பியைச் சேர்த்தேன், ஒத்துக்கொள்கிறேன். மாவை நான் சேர்க்கவில்லை.]

7

நேற்று அங்கிருந்து அவர் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. போன் செய்து, குளிர் தாங்கவில்லை, நாளைக்குச் சாப்பிட வரும்போது சொல்கிறேன் என்றேன். ராத்திரி முழுக்க உட்கார்ந்து இதுவரைக்கும் எழுதினேன். காலையில் ட்ரீனாவுக்குப் போன் செய்து, உடனே புறப்பட்டு வா என்றேன். ஏன் என்று கேட்காமல் புறப்பட்டுவிட்டாள். ஆனால் தெற்கே பனிப்புயல், நெடுஞ்சாலையில் வண்டிகள் ஊர்கின்றனவாம். சாயங்காலத்துக்குள் வந்து சேர்வாளா தெரியாது.

இப்போது மார்லிஸின் சமையலறையில் இருக்கிறேன். காகிதம் என் மடியில். மேசையில் ஒரே ஒரு தட்டுதான், என்னுடையது. அவர் சாப்பிடவில்லை, பசியில்லையாம். பூட்ஸ் மாட்டியிருக்கிறார். ரோலியின் பெரிய கம்பளி மேல்கோட்டைப் போட்டுக்கொண்டு, நிலத்தைப் பார்த்த ஜன்னலோரம் நிற்கிறார்.

"மானுங்க பாத்துச்சா?" என்று கேட்டார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். பார்த்தன என்று சொன்னால் அது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு அவர் இந்தக் கதவைத் திறந்து போவார், அங்கே இருப்பது ரோலியோ வேறு எதுவோ, குளிருக்கு இரண்டும் ஒன்றுதான். பார்க்கவில்லை என்று சொன்னால் அவர் கோட்டைக் கழற்றிவிடுவார், உயிரோடு இருப்பார், அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஒரு இடத்தை நான் பிடுங்கிக்கொண்டிருப்பேன். உள்ளே இருப்பது ரோலி இல்லை என்று (இ)யைச் சொல்லலாம். சொன்னால் இந்த மனுஷி என்ன செய்வார் தெரியுமா? அப்படியா, என் புருஷன் நாற்காலியில் உட்கார அது யார் என்று பார்க்கத் துடைப்பத்தோடு கிளம்புவார். எனக்கு மார்லிஸைத் தெரியும்.

அவரைப் பிடித்து உட்கார வைக்கலாமே என்கிறீர்கள். மூட்டை மூட்டையாக மாவு தூக்கின தோள் அது. நான் சாக்பீஸ் பிடித்தவள்.

நான் எழுதுவதை அவர் செய்கிறார் என்று சொன்னேன் அல்லவா? அதனால் இந்த வரிக்கு மேல் நான் எழுதப் போவதில்லை. இனி நடப்பதற்கு என் பேனா பொறுப்பாகக் கூடாது. இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்கள், நான் பார்த்ததையெல்லாம் பார்த்தீர்கள், எனக்குத் தெரிந்தது முழுக்க இப்போது உங்களுக்கும் தெரியும். பதிலை நீங்கள் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதை அப்படியே அவருக்குச் சொல்கிறேன்.

கொஞ்சம் சீக்கிரம். கோட்டின் மேல்பொத்தானைப் போட்டுவிட்டார், கையுறையைத் தேடுகிறார்.